"சகப்பிணைப்புச் சேர்மங்களின் உருகுநிலை குறைவு" என்றால் வைரம் எதில் சேர்த்தி?

மேலூர்_டியூஷன்
வணக்கம். ஒன்பது, பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் வேதியியல் எடுக்கிறேன். சின்ன வகுப்பில் சகப்பிணைப்புச் சேர்மம் (அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுப் பிணைந்த பொருள்) என்றாலே உருகுநிலை குறைவு, மென்மையானது, மின்சாரம் கடத்தாது என்று எழுதச் சொல்கிறோம். பிளஸ் டூ 'திட நிலைமை' பாடத்துக்கு வந்தால் சகப்பிணைப்புப் படிகங்கள் மிகக் கடினமானவை, மிக உயர்ந்த உருகுநிலை கொண்டவை என்று இருக்கிறது. அண்ணன் நோட்டையும் தம்பி நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் சண்டை போடுகின்றன.

வைரம் விதிவிலக்கு என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் மணல், சிலிக்கான், உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் சிலிக்கான் கார்பைடு என்று விதிவிலக்கே வரிசை கட்டுகிறது. ஒரே வகைப் பிணைப்பு ஒரு பக்கம் மெழுகையும் இன்னொரு பக்கம் வைரத்தையும் எப்படித் தருகிறது? பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்களேன்.

கைடு_போதும்
விதிவிலக்குதான் மேடம். வைரம், கிராஃபைட், சிலிக்கா மூன்றையும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். கேள்வித்தாளில் அதைத் தாண்டி வராது.

பழைய_லேப்
மதிப்பெண்ணுக்குப் போதும், பதிலுக்குப் போதாது. டீச்சர் கேட்டது நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். ஆவியாகப் போவதும் தண்ணீர்தான். ஹைட்ரஜனுக்கும் ஆக்ஸிஜனுக்கும் இடையே உள்ள சகப்பிணைப்பு ஒன்றுகூட அறுபடவில்லை. ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறை இழுத்துக்கொண்டிருந்த பிடிதான் விட்டது. வெறும் சூட்டால் அந்தப் பிணைப்பையே ஓரளவு உடைக்க வேண்டுமென்றால் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். நாஃப்தலீன் உருண்டை 80 டிகிரியில் உருகுவதும் இதே கதைதான். உள்ளே இருக்கும் பத்து கார்பனும் எட்டு ஹைட்ரஜனும் கைவிடாமல் அப்படியேதான் இருக்கின்றன. ஆக "உருகுநிலை குறைவு" என்ற வரி சகப்பிணைப்பைப் பற்றிய வரியே அல்ல. மூலக்கூறுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைப் பற்றியது.

இப்போது வைரம். ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பனைப் பிடித்திருக்கிறது, 109.5 டிகிரி கோணத்தில், எல்லாத் திசையிலும். அந்த நான்கும் இன்னும் நான்கு நான்காகப் பிடிக்கின்றன. மூலக்கூறு எங்கே முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று விரல் வைக்க இடமே இல்லை. எளிதில் விட்டுப்போகக்கூடிய பலவீனமான பிடி ஒன்று இருந்தால்தானே அது முதலில் விடும்? இங்கே உருக வேண்டுமென்றால் கார்பன்–கார்பன் பிணைப்பே போக வேண்டும். அதற்கு மோலுக்குச் சுமார் 350 கிலோஜூல் செலவு. நம் சாதாரண காற்றழுத்தத்தில் வைரம் உருகுவதே இல்லை. காற்றில் சூடாக்கினால் 800 டிகிரி வாக்கில் எரிந்து கார்பன் டை ஆக்ஸைடாகிவிடும். காற்றில்லாமல் சூடாக்கினால் கிராஃபைட்டாக மாறிவிடும். உருகிய வைரத்தைப் பார்க்க ஒரு லட்சம் வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தமும் 4000 டிகிரிக்கு மேல் வெப்பமும் வேண்டும்.

ஆக, "சகப்பிணைப்பு வலுவானதா, பலவீனமானதா?" என்று கேட்டால் பதில் எப்போதும் குழப்பும். "இந்தப் பொருளில் சகப்பிணைப்பு எதுவரை தொடர்கிறது?" என்று கேட்கச் சொல்லுங்கள். மூன்று அணுவோடு முடிகிறதா, நீண்ட சங்கிலியாகப் போகிறதா, தகடாக விரிகிறதா, முப்பரிமாணத்திலும் முடியாமல் போகிறதா? பண்புகளில் பாதி அந்தப் பதிலிலேயே வந்துவிடும்.

வகுப்பில் காட்ட இதைவிட நல்ல ஜோடி கிடையாது: கார்பன் டை ஆக்ஸைடும் சிலிக்கான் டை ஆக்ஸைடும். தனிம வரிசை அட்டவணையில் கார்பனும் சிலிக்கானும் மேலும் கீழும் இருப்பவை. கார்பன் சின்ன அணு. ஆக்ஸிஜனோடு இரட்டைப் பிணைப்பு எளிதாகப் போட்டு, மூன்றே அணுவில் கணக்கை முடித்துக்கொள்கிறது. அதனால் மைனஸ் 78 டிகிரியிலேயே திடநிலையிலிருந்து நேராக வாயுவாகிவிடுகிறது. சிலிக்கான் பெரிய அணு. இரட்டைப் பிணைப்புக்கு எலக்ட்ரான் கூடுகள் பக்கவாட்டில் மேற்பொருந்த வேண்டும், அது அதற்குச் சரியாக வராது. இரட்டைப் பிணைப்பைவிட நான்கு ஒற்றைப் பிணைப்புதான் அதற்கு லாபம். ஒவ்வொரு சிலிக்கானுக்கும் நான்கு ஆக்ஸிஜன், ஒவ்வொரு ஆக்ஸிஜனும் இரண்டு சிலிக்கானுக்குப் பொது. அது முடியாமல் போய்க்கொண்டே இருப்பதால்தான் மணலை உருக்க 1700 டிகிரி கேட்கிறது. எழுதும் வாய்ப்பாடு ஒரே மாதிரி, பொருளோ ஒன்று சோடா பாட்டிலில், மற்றது ஆற்றங்கரையில்.

பிளஸ்டூ_பி_குரூப்
சார், அப்படியென்றால் ஒரு வைரக்கல் மொத்தமும் ஒரே மூலக்கூறா?

பழைய_லேப்
பிணைப்பை வைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்வதில் பெரிய தவறில்லை தம்பி. கணக்குப் போட்டுப் பார். ஒரு கேரட் 0.2 கிராம். 12-ஆல் வகுத்து அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் 1-க்குப் பின்னால் 22 பூஜ்ஜியம் போட்ட அளவுக்கு அணுக்கள் வரும். ஆனால் மூலக்கூறு என்று அழைப்பது வழக்கமில்லை. ஏனென்றால் மூலக்கூறுக்கு நிலையான வாய்ப்பாடு, நிலையான எடை வேண்டும். கல்லை இரண்டாக உடைத்தால் இரண்டும் வைரம்தான், எடை மட்டும் வேறு. தேர்வில் "பெரும் சகப்பிணைப்பு அமைப்பு" என்று எழுது.

ஒரு சுவையான விஷயம். உள்ளே நான்கு கை சரி, மேற்பரப்பில் இருக்கும் கார்பனுக்கு ஒரு கை காலியாகத் தொங்குமே? அங்கே பெரும்பாலும் ஹைட்ரஜன் வந்து ஒட்டிக்கொள்ளும், சில சமயம் ஆக்ஸிஜன். ஹைட்ரஜன் மூடிய பரப்பு தண்ணீரை ஒட்டவிடாது, கிரீஸை ஒட்டவிடும். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கங்களில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதையே ஒரு இயந்திரமாக்கினார்கள். அரைத்த பாறையைத் தண்ணீரோடு கிரீஸ் பூசிய மேசை மேல் ஓட விட்டால், நனைந்த சாதாரணக் கற்கள் ஓடிவிடும், வைரம் மட்டும் ஒட்டிக்கொள்ளும்.

நகைக்கடை_மூலை
நான் படித்தது பி.காம். கல் சோதிக்கிற மேசையில் உட்கார்ந்திருப்பதால் இதைக் கேட்கிறேன். டயமண்ட் டெஸ்டர் என்று பேனா மாதிரி ஒன்று இருக்கிறது. நுனியைக் கல்லில் வைத்தால் சூடு எவ்வளவு வேகமாகக் கல்லுக்குள் போகிறது என்று பார்த்து வைரமா இல்லையா என்று சொல்லும். அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கும் ஸிர்கோனியா அதில் உடனே மாட்டிக்கொள்ளும். மொய்ஸனைட் மட்டும் டெஸ்டரை ஏமாற்றிவிடுகிறது. ஏன்? இன்னொன்று, மின்சாரம் கடத்தாத கல் சூட்டை மட்டும் எப்படிக் கடத்துகிறது? எனக்குத் தெரிந்து இரண்டும் சேர்ந்துதான் வரும், செம்பு மாதிரி.

பழைய_லேப்
அண்ணா, உங்கள் மேசையில்தான் நல்ல பாடம் இருக்கிறது.

செம்பில் சூட்டைத் தூக்கிக்கொண்டு போவது, இஷ்டத்துக்கு ஓடும் எலக்ட்ரான்கள். அதே எலக்ட்ரான்கள் மின்சாரத்தையும் தூக்கும், அதனால் இரண்டும் சேர்ந்து வரும். வைரத்தில் நான்கு எலக்ட்ரானும் நான்கு பிணைப்பில் மாட்டிக்கொண்டன. ஓட ஆளில்லை, அதனால் மின்சாரம் இல்லை. ஆனால் சூடு என்பது அணுக்களின் அதிர்வும்தான். கார்பன் எடை குறைந்த அணு, பிணைப்போ இம்மியும் தளராத விறைப்பு, அடுக்கு ஒழுங்காக இருக்கிறது. ஒரு முனையில் அதிர்ந்தால் மறுமுனைக்குச் சிதறாமல் போய்ச் சேருகிறது. செம்பின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்–கெல்வினுக்குச் சுமார் 400 வாட். நல்ல வைரத்துக்குச் சுமார் 2000. ஸிர்கோனியா இரண்டு மூன்றைத் தாண்டாது.

மொய்ஸனைட் என்பது சிலிக்கான் கார்பைடு. வைரத்தின் அதே நான்கு கை வலை, ஒரு கார்பன் விட்டு ஒரு கார்பன் இருக்கும் இடத்தில் சிலிக்கான். அதன் கடத்துத்திறன் சில நூறு வாட். டெஸ்டருக்கு அதுவே "வைரம்" என்று சொல்லப் போதுமான அளவு. அதனால்தான் இப்போது மின்கடத்தலையும் சேர்த்துப் பார்க்கும் கருவி விற்கிறார்கள். மொய்ஸனைட் பெரும்பாலும் கொஞ்சம் மின்சாரம் கடத்தும், சாதாரண வைரம் கடத்தாது. இயற்கையான நீல வைரம் வந்தால் மட்டும் கவனம். அதில் போரான் கலந்திருக்கும். போரானுக்கு ஒரு எலக்ட்ரான் குறைவு, அந்தப் பள்ளம் வழியாக மின்சாரம் ஓடும்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தை இந்த இரண்டு சோதனையாலும் பிரிக்க முடியாது. அது வைரமேதான்.

நகைக்கடை_மூலை
நன்றி சார். இன்னொரு சந்தேகம். வாடிக்கையாளர்கள் "வைரம் உடையாதில்ல?" என்று கேட்கிறார்கள். ஓரம் தெறித்த கல்லை நானே பார்த்திருக்கிறேன்.

பழைய_லேப்
உடையும். கீறலைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு. உலோகத்தில் அடி விழுந்தால் அணு அடுக்குகள் வழுக்கி நெளிந்து அடியை வாங்கிக்கொள்ளும். சகப்பிணைப்புக்குத் திசை உண்டு. கோணம் கொஞ்சம் மாறினாலும் பிணைப்பு போய்விடும், நெளிய வழியில்லை. வைரத்தில் நான்கு திசைகளில் பிளவுத் தளங்கள் உண்டு, அந்தத் தளத்தில் அடி விழுந்தால் சுத்தமாகப் பிளக்கும். பெரிய கச்சாக் கல்லை முற்காலத்தில் கத்தி வைத்து ஒரே தட்டில் பிளந்தது இந்த நம்பிக்கையில்தான்.

லேத்_அம்பத்தூர்
பட்டறைப் பக்கத்திலிருந்து ஒரு வரி. இவ்வளவு கடினமான வைர டிப்பை வைத்து எஃகைக் கடையமாட்டோம். சூடான இரும்பு கார்பனைத் தின்றுவிடும், டிப் மளமளவென்று தேயும். கடினப்படுத்திய எஃகுக்கு சிபிஎன் டிப்தான்.

பழைய_லேப்
கன கச்சிதம். சிபிஎன் என்பது கனசதுர போரான் நைட்ரைடு. 1957-இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் வென்டார்ஃப் செய்தது. அதே நிறுவனம் செயற்கை வைரம் செய்தது அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1954-இல். கார்பனுக்கு இடப்பக்கம் போரான், வலப்பக்கம் நைட்ரஜன். இரண்டும் சேர்ந்தால் எலக்ட்ரான் கணக்கு கார்பனுக்குச் சமம், அதனால் அதே வைர வலை கிடைக்கிறது. இரும்பு கரைத்துக்கொள்ள அதில் கார்பன் இல்லை, அவ்வளவுதான்.

யாழ்_கரி
எல்லோரும் வைரத்தோடேயே நிற்கிறீர்கள், எங்கட காரீயத்தை, அதாவது கிராஃபைட்டை, விட்டுவிட்டீர்களே! இலங்கையில் போகலவிலும் கஹட்டகஹவிலும் கிடைப்பது பாறை வெடிப்பில் நாளமாக ஓடுகிற காரீயம். உலகில் இந்த வகை வர்த்தக அளவில் கிடைக்கும் இடம் வேறு அரிது. சிவகங்கையில் நீங்கள் தோண்டுவது செதில் வகை.

பிள்ளைகள் வழக்கமாகத் தவறவிடும் விஷயம் ஒன்று. கிராஃபைட் மென்மை என்பதால் அதன் பிணைப்பு வைரத்தைவிடப் பலவீனம் என்று எழுதுவார்கள். உண்மையில் தகட்டுக்குள் கார்பன்–கார்பன் தூரம் 0.142 நானோமீட்டர், வைரத்தில் 0.154. கிட்டத்தில் இருப்பது கிராஃபைட்தான், வலுவான பிணைப்பும் அதுதான். தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே 0.335. அந்த இடைவெளியில்தான் மென்மை எல்லாம். ஒவ்வொரு கார்பனும் மூன்றைத்தான் பிடிக்கிறது, நாலாவது எலக்ட்ரான் தகடு முழுவதும் சுற்றித் திரிகிறது. அதனால் தகட்டின் நீளத்துக்கு மின்சாரம் நன்றாக ஓடும், குறுக்கே மிகக் குறைவு. ஒரே கட்டி, திசைக்கு ஒரு குணம்.

கைடு_போதும்
தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்குவதால் கிராஃபைட் மசகுப் பொருள். இது கைடிலேயே இருக்கிறது.

யாழ்_கரி
இருக்கிறது, ஆனால் அரைகுறையாக. இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் மிக உயரத்தில் பறந்தபோது மின்னாக்கிகளின் கரித் தூரிகைகள் (சுழலும் பாகத்தில் உரசி மின்சாரத்தை எடுக்கும் கிராஃபைட் துண்டுகள்) கடகடவென்று தேய்ந்து தூளாகின. கீழே நன்றாக வேலை செய்தது மேலே ஏன் போனது என்று தேடியதில், காரணம் காற்றின் ஈரப்பதம். தகட்டு விளிம்புகளில் தண்ணீர் மூலக்கூறுகள் ஒட்டியிருந்தால்தான் கிராஃபைட் வழுக்கும். வெற்றிடத்தில் உராய்வு கூடிவிடும். விளிம்பில் பிணைப்பு அறுந்த கார்பன்கள் கை நீட்டிக்கொண்டு நிற்கின்றன, அவற்றை எதுவாவது மூடிவைக்க வேண்டும். விண்வெளிக் கருவிகளுக்கு வெறும் கிராஃபைட்டை நம்பாமல் மாலிப்டினம் டைசல்ஃபைடு போடுவது அதனால்தான். கைடு எழுதியவருக்குக் காற்று ஞாபகம் வரவில்லை போலும்.

பிளஸ்டூ_பி_குரூப்
கிராஃபைட்தான் நிலையானது என்று படித்தேன். அப்படியானால் அம்மாவின் மூக்குத்தி என்றாவது பென்சில் கரியாகிவிடுமா?

யாழ்_கரி
அம்மா நிம்மதியாகப் போடலாம். ஆற்றல் வித்தியாசம் மோலுக்கு இரண்டு மூன்று கிலோஜூல்தான். மாறுவதற்கோ நாலு கைப் பிணைப்புகளைக் கழற்றி மூன்று கையாகத் திருப்பிக் கட்ட வேண்டும், அறை வெப்பத்தில் அதற்குச் சக்தி கிடையாது.

இன்னொரு உறவுக்காரரையும் சொல்லிவிடுகிறேன். 1985-இல் கண்டுபிடித்த, 60 கார்பன் சேர்ந்த பந்து மூலக்கூறு. அதுவும் சுத்தக் கார்பன், அதுவும் சகப்பிணைப்பு. ஆனால் பிணைப்பு 60 அணுவோடு மூடிக்கொள்கிறது. விளைவு? டொலுயீன் என்ற கரைப்பானில் போட்டால் கரைந்து ஊதா நிறம் தரும். வைரத்தையோ கிராஃபைட்டையோ கரைக்க இப்படிப்பட்ட சாதாரணக் கரைப்பான் எதனாலும் முடியாது. 'பழைய லேப்' சொன்ன "எதுவரை தொடர்கிறது" என்ற கேள்விக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ரப்பர்_மில்
தாமதமாக வருகிறேன், ஆனால் இந்த இழையில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒன்று மூலக்கூறு, இல்லையென்றால் முழுப் படிகம் என்று இரண்டு முனையை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

இயற்கை ரப்பர் ஐசோப்ரீன் சங்கிலி. ஒரு சங்கிலியில் பத்தாயிரத்துக்கும் மேல் ஐசோப்ரீன் அலகுகள் இருக்கும். கன்னியாகுமரிப் பக்கமிருந்து வரும் ஷீட்டைப் பாருங்கள், வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும், இழுத்துப் பிடித்தால் மெல்ல நெகிழ்ந்து பழைய நீளத்துக்குத் திரும்பாது. சங்கிலிகள் இடியாப்பம் மாதிரி பின்னிக் கிடக்கின்றன, ஒன்றோடொன்று கட்டு கிடையாது. இதில் நூறு பங்குக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகம், கொஞ்சம் ஆக்சிலரேட்டர் (வினையை வேகப்படுத்தும் பொருள்), துத்தநாக ஆக்ஸைடு, ஸ்டியரிக் அமிலம் சேர்த்து 150 டிகிரி வாக்கில் அச்சில் வைத்து அழுத்தினால் சங்கிலிக்குச் சங்கிலி கந்தகப் பாலம் விழும். சில நூறு கார்பனுக்கு ஒரு பாலம், அவ்வளவே. மொத்தப் பிணைப்புக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் பொருள் தலைகீழாக மாறிவிடும். இழுத்தால் திரும்பும், சூட்டில் ஒழுகாது, எதிலும் கரையாது. 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டது இதைத்தான்.

நம்பாதவர்கள் பஞ்சர் கடைக்குப் போங்கள். அங்கே வைத்திருக்கும் சொல்யூஷன், பாலம் போடாத ரப்பரைக் கரைப்பானில் கரைத்தது. அதே கரைப்பானில் டியூப் துண்டைப் போட்டு வையுங்கள். ஊதிப் பெருக்கும், கரையாது. கரைவதென்றால் சங்கிலிகள் தனித்தனியாகப் பிரிந்து போக வேண்டும், இங்கே எல்லாம் ஒன்றோடொன்று கட்டுண்டவை. அந்தப் பையன் "ஒரே மூலக்கூறா?" என்று வைரத்தைக் கேட்டான். ஒரு டயரின் ரப்பரைக் கேட்டாலும் ஏறக்குறைய ஆமாம்.

பாலம் எத்தனை என்பது போலவே எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். கந்தகம் அதிகம், ஆக்சிலரேட்டர் குறைவு என்று போட்டால் பல கந்தக அணு கொண்ட நீளப் பாலங்கள் வரும். வளைந்து வளைந்து வேலை செய்யும் பொருளுக்கு, கிழிசல் தாங்க, அது நல்லது, ஆனால் சூடு தாங்காது. கந்தகத்தைக் குறைத்து ஆக்சிலரேட்டரைக் கூட்டினால் குட்டைப் பாலங்கள், சூடு தாங்கும், களைப்பு தாங்குவது குறையும். எஞ்சின் பக்கத்து சீலுக்குக் கந்தகமே வேண்டாம் என்று பெராக்ஸைடு போட்டுக் கார்பன்–கார்பன் பாலம் கட்டுவதும் உண்டு. கந்தகம் முப்பது நாற்பது பங்குக்குப் போனால் அது எபோனைட், பழைய பேட்டரிப் பெட்டி மாதிரிக் கட்டை. பாலம் கூடக் கூட ரப்பர் வைரத்தின் பக்கமாக நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேலூர்_டியூஷன்
இது எனக்கே புதிது. பேக்கலைட் சுவிட்சும் இந்தக் கணக்கில்தானே வரும்? சூடு காட்டினால் கருகுகிறது, உருகுவதில்லை.

ரப்பர்_மில்
ஆமாம் மேடம். 1907-இல் பேக்லேண்ட் செய்த ஃபீனால்–ஃபார்மால்டிஹைடு பிசின். அதில் பாலங்கள் நெருக்கமோ நெருக்கம், அதனால் ரப்பர் குணமே கிடையாது. பிளாஸ்டிக் குடம் பாலிஎத்திலீன், பாலம் இல்லை, அதனால் உருக்கி மறுபடி குடம் ஊற்றலாம்.

பழைய_லேப்
ரப்பர் மில் அண்ணன் கட்டுவதைச் சொன்னார், அறுப்பதையும் சொல்லிவிடலாம். கண்ணாடி செய்வது சிலிக்கா வலையை வேண்டுமென்றே வெட்டுவதுதான். சோடா உப்பு சேர்த்தால் சிலிக்கான்–ஆக்ஸிஜன்–சிலிக்கான் பாலம் சில இடங்களில் அறுந்து, ஆக்ஸிஜன் ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு, சோடியம் அயனி பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஜன்னல் கண்ணாடி 700 டிகிரி வாக்கிலேயே இளகுவது அதனால். வெட்டாத சுத்த சிலிக்காக் கண்ணாடியை இளக்க அதைவிட ஆயிரம் டிகிரி அளவுக்குக் கூடுதலாகத் தேவை. ஆனால் செஞ்சூட்டில் எடுத்துத் தண்ணீரில் போட்டாலும் விரிசல் விடாது, சூட்டுக்கு அவ்வளவு குறைவாகத்தான் விரியும்.

மேலூர்_டியூஷன்
சரி, சின்ன வகுப்புக்கு இப்படி எழுதப் போகிறேன்: "தனி மூலக்கூறுகளாக இருக்கும் சகப்பிணைப்புப் பொருட்களின் உருகுநிலை பொதுவாகக் குறைவு. பிணைப்பு முடிவின்றித் தொடரும் பொருட்களின் உருகுநிலை மிக அதிகம்." யாருக்காவது ஆட்சேபம் உண்டா?

கைடு_போதும்
விடைக்குறிப்பில் இப்படி இல்லை. திருத்துபவர் மார்க் போடுவாரா?

பழைய_லேப்
முதல் வாக்கியத்திலேயே விடைக்குறிப்பு அடங்கிவிட்டது, போடுவார். "மென்மையானது", "மின்சாரம் கடத்தாது" இரண்டுக்கும் இதே முன்னொட்டைச் சேர்த்துவிடுங்கள் டீச்சர். கிராஃபைட்டை மட்டும் தனியாகப் படம் போட்டுக் காட்டுங்கள், வாக்கியத்தில் அடங்காது.

பிளஸ்டூ_பி_குரூப்
ரப்பர் மில் அண்ணா, கடைசியாக ஒன்று. குடத்தை உருக்குகிற மாதிரி பழைய டயரை உருக்கிப் புது டயர் செய்ய முடியாதா? கந்தகப் பாலத்தை மட்டும் அறுத்தால் போதுமே?

ரப்பர்_மில்
அதைத்தான் பலரும் முயல்கிறார்கள் தம்பி. கந்தகம்–கந்தகம் பிணைப்பு கார்பன்–கார்பன் பிணைப்பைவிடப் பலவீனம், அதனால் கணக்குப்படி அது முதலில் அறுபட வேண்டும். ஆனால் சூடும் அரைப்பும் கொடுக்கும்போது சங்கிலியும் சேர்ந்தே துண்டாகிறது. கிடைக்கும் ரீக்ளெய்ம் ரப்பரில் பழைய வலு இருக்காது, புது ரப்பரோடு ஒரு அளவுக்குத்தான் கலக்கலாம். மிச்ச டயரெல்லாம் பொடியாகித் தரைவிரிப்புக்கும் தார்ச்சாலைக்கும் போகிறது, இல்லாவிட்டால் காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெயும் கரியுமாகப் பிரிக்கிறார்கள். மில்லில் கலக்கும்போதே சூடேறி ஸ்கார்ச் ஆகிப்போன லாட்டுக்கும் இதே கதிதான். அச்சுக்குப் போகும் முன்னாலேயே பாலம் விழுந்துவிடும், திரும்ப ஷீட்டாக்க முடியாது. கந்தகத்தைக் கடைசியில் போட்டு ரோலருக்குத் தண்ணீர் ஓட விடுவது அதற்காகத்தான்.